பூட்டிய பாட்டும் கறுப்புக் கோடும்

அத்தியாயம் ஆறு

பசீர் அகமது எதையும் முறைப்படி செய்பவர். ஆகவே, ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல நேர்ந்தபோதும் அதைத் தட்டச்சு செய்து, மூன்று படிகள் எடுத்து, அவற்றில் ஒன்றை அந்தப் பெண்ணிடமே கொடுத்துக் கையொப்பமும் கேட்டிருந்தார்.

அந்தப் படி இப்போது வேல்விழியின் மேசைமீது கிடந்தது. வேல்விழி பதினோர் ஆண்டுகள் ஏற்றுமதிப் பனியன்களில் குறை கண்டுபிடிக்கும் ஆய்வாளராக இருந்தவள். பிறகு அதே வேலையை மனிதர்களிடம் செய்வதற்குத் துப்பறியும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினாள். மனிதர்களிடம் குறைகள் அதிகம் என்பது இலாபம். அவர்கள் திருப்பிப் பேசுவார்கள் என்பது நட்டம்.

நிறுவனத்தின் மற்றோர் உறுப்பினன் சோணைமுத்து. உசிலம்பட்டியிலிருந்து திருப்பூருக்கு இஸ்திரி வேலைக்கு வந்தவன். நாற்பது வயதில் நீராவியிலிருந்து விடுதலை பெற்று, வேல்விழிக்கு உதவியாளனாகவும் ஸ்கூட்டர் ஓட்டுபவனாகவும் ஆகியிருந்தான். அவன் தாளை எடுத்து உரக்கப் படித்தான்.

"'மேற்படி அபிராமி என்பவர், எமது நிறுவனம் வெளியிடவிருந்த பாட்டு சிடியின் பூட்டை உடைத்து, நகல் எடுத்து, ஊரெங்கும் பரப்பியுள்ளார்.' ஏக்கா, பாட்டுக்கு எதுக்கு பூட்டு? எங்கூர்ல பாடுறவன் வாயத்தான் பூட்டணும்பாய்ங்க."

எதிரே அமர்ந்திருந்த அபிராமி சிரிக்கவில்லை. இருபத்தாறு வயதில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றைத் தனியாக நடத்துபவள் அவள்; காலை பத்து மணிவரை நடத்திக்கொண்டிருந்தவள் என்பது இன்னும் சரி. கட்டடம் பசீர் அகமதுவுடையது. பத்து மணிக்கு அவர் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த லேப்டாப்பையும் எடுத்துச் சென்றுவிட்டார்.

"நாலு மணிக்கு இந்தக் கடுதாசிய ஸ்டேஷன்ல குடுக்கப் போறாருங்க," என்றாள் அபிராமி. "அதுகூடப் பரவால்லீங்க. பாடினது பூராவும் அவர் கம்பெனித் தையல் செக்சன் பொம்பளைங்க. பதினாலு பேரு, பதினாலு பாட்டு. மூணு மாசமா ஞாயித்துக்கெழமையெல்லாம் எங்கிட்ட வந்து பாடினாங்க. வெள்ளிக்கெழமை விழா வெச்சு, அவங்க கையாலயே சிடிய வெளியிடறதா இருந்துச்சுங்க. இன்னிக்குக் காலைல மருதம்மாக்கா என்னையப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அவங்க கொரல நான் வித்துட்டேனாமா."

வேல்விழி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை.

"பாய் ஏன் உன்னையச் சந்தேகப்படறாரு? ஊருல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க வேற ஆளே இல்லியா?"

அபிராமி தலை குனிந்தாள். "அந்தப் பூட்டு உருப்படாதுன்னு நாந்தானுங்க சொன்னேன். எல்லார் முன்னாலயும். ஒரு மார்க்கர் பேனா இருந்தா இதத் தொறந்தறலாம்னு சொல்லித் தொலைச்சேன்."

சோணைமுத்து தாளை மேசைமீது வைத்தான். "ஏத்தா, திருட்டுக்கு முன்னாடியே வாக்குமூலம் குடுத்த ஒரே ஆளு நீதேன்."

பசீர் அகமதுவின் அலுவலகம் மங்கலம் சாலையில் இருந்தது. கீழ்த்தளத்தில் தையல், அதன் பின்புறம் பேக்கிங், மாடியில் முதலாளி. இருவருக்கும் தேநீர் வந்த பிறகே அவர் பேசத் தொடங்கினார். பகைவர் தரப்பிலிருந்து வந்தவர்கள் என்றாலும் விருந்தினர் விருந்தினரே.

"நான் பாட்டு விக்கற ஆளில்லீங்க. நம்ம பொம்பளைங்க நல்லாப் பாடறாங்க, ஒரு சிடி போடலாம்னு ஆசைப்பட்டேன். அந்த அம்மிணி எம்பி3-யாப் போடலாம்னு சொல்லுச்சு. பாட்டோட சைஸு பத்துல ஒரு பங்கா ஆயிருமாமா. எல்லா பஸ்ஸுலயும் ஓடுமாமா, எல்லா போன்லயும் ஏத்திக்கலாமாமா. நான் கேட்டேன், எரநூறு ஜிஎஸ்எம் கனத்துத் துணிய இருபதாக்கினா அதுக்குப் பேரு பனியனா கொசுவலையான்னு."

"அதுக்கு அபிராமி என்ன சொல்லுச்சுங்க?"

"காதுக்குக் கேக்காத நூலத்தான் உருவறோம், துணி அப்படியேதான் இருக்கும்னுச்சு." அந்தப் பதில் பசீர் அகமதுவுக்குப் பிடித்திருந்தது என்பதை முகம் மறைக்கவில்லை. "ஆனா எம்பி3-க்குப் பூட்டு இல்லீங்களே. ஏனுங்க, நம்ம ஊரு உங்களுக்குத் தெரியாதா? காலைல நான் ஒரு டிசைன் போட்டா, மத்தியானம் பக்கத்து யூனிட்டுல கட்டிங் ஓடுது. அதனால பழையபடி ஆடியோ சிடிதான்னு முடிவு பண்ணினேன். கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர வரவெச்சுப் பூட்டுப் போட்டேன். சாதாரண பிளேயர்ல பாடும். கம்ப்யூட்டர்ல போட்டா வாயே தொறக்காது. கம்ப்யூட்டர்ல தொறக்காட்டி காப்பி எடுக்க முடியாதுல்லீங்க."

"எத்தன சிடி போட்டீங்க?"

"ஆயிரம். அத்தனையும் நம்ம குடோன்ல பெட்டிக்குள்ள இருக்குது. நேத்து எம் முன்னாலயே எண்ணிப் பாத்தாச்சு. ஒண்ணு கொறையில, ஒரு சீல் பிரியில. ஆனா நேத்து மங்கலம் மினி பஸ்ஸுல மருதம்மா கொரலு கேக்குதுங்க! கண்டக்டரு காதர்பேட்டையில கெடச்சுதுன்னு சொல்லி இதக் குடுத்தான்." மேசை இழுப்பறையைத் திறந்து, நெகிழி உறையில் இட்டு நான்கு பக்கமும் ஒட்டுநாடா சுற்றிய குறுந்தகடு ஒன்றை அவர் எடுத்து வைத்தார். "ஆயிரமும் உள்ள இருக்கறப்ப, வெளிய ஒண்ணு இருந்தா அது காப்பிதானுங்களே?"

கணக்கில் பிழையில்லை. வேல்விழி உறையைக் கையில் எடுத்தாள். குறுந்தகட்டின் மேற்பரப்பில் 'பகல் ஷிப்ட் பாட்டுகள்' என்ற தலைப்பு. அதற்குக் கீழே நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயருக்குக் குறுக்கே, அளவுகோல் வைத்தாற்போன்ற நேர்த்தியுடன், மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு ஒன்று இழுக்கப்பட்டிருந்தது.

"பாத்தீங்களா கோட்ட?" என்றார் பசீர் அகமது, வழக்கில் வென்றவரின் அமைதியுடன். "மார்க்கர் போதும்னு அந்த அம்மிணி சொன்ன மாதிரியே இருக்குது. பூட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். மார்க்கர்ல கோடு போட்டுப் பூட்ட ஒடைக்கறது உண்டுன்னு அவரே ஒத்துக்கிட்டாரு."

"இத அபிராமி பாத்துச்சுங்களா?"

"சாட்சிய எதிராளி கையில குடுப்பாங்களா அம்மிணி?"

வேல்விழி உறையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் மேற்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தேநீரைக் குடித்தாள்.

"நாலு மணிக்கு முன்னால திரும்பி வந்தர்றோமுங்க," என்று எழுந்தாள்.

படியிறங்கும்போது சோணைமுத்து முணுமுணுத்தான். "யக்கா, ஆயிரமும் உள்ள இருக்கு. வெளியில ஒண்ணு இருக்கு. கோடும் இருக்கு. இந்தப் புள்ள கத முடிஞ்சுச்சுன்னு நெனைக்கிறேன்."

"அந்தக் கோடு எந்தப் பக்கம் இருந்துச்சு, சோணை?"

"மேப்பக்கம். பேருக்கு மேல."

"சிடிய பிளேயரு எந்தப் பக்கம் படிக்கும்?"

சோணைமுத்து இரண்டு படிகள் இறங்கிவிட்டு நின்றான். "கீழ்ப்பக்கம்."

"வீட்டுக் கதவுல இருக்கற பூட்ட ஒடைக்கணும்னா, எவனாச்சும் மொட்டமாடில ஏறி நின்னு கடப்பாரையப் போடுவானா?"

"குடிச்சிருந்தா போடுவான்க்கா."

"குடிச்சவன் இவ்வளவு நேராக் கோடு போடமாட்டான். வண்டிய எடு."

காதர்பேட்டையில் பனியன் சட்டைகள் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. வெளிநாட்டுக்குப் போக வேண்டியவை, ஆர்டருக்கு மேல் மிஞ்சியதால் உள்ளூரிலேயே தங்கிவிட்டவை. கண்டக்டரிடம் தொலைபேசியில் விசாரித்தபோது அவன் சொன்ன கடை மூன்றாவது சந்தில் இருந்தது. கடைக்காரன் பெயர் முனீஸ். அவன் பேச்சைக் கேட்டதும் சோணைமுத்துவின் முகம் மலர்ந்தது.

"தம்பி எந்தப் பக்கம்?"

"செக்கானூரணிண்ணே."

"அட, நம்ம பய! உசிலம்பட்டிய்யா நானு. அப்ப பொய் சொல்லமாட்ட. இந்த பாட்டு சிடி எங்கிட்டுருந்து வந்துச்சு?"

"நம்ம பயன்னு சொல்லிப்புட்டு போலீஸ்காரன் மாதிரி கேக்குறீகளேண்ணே." முனீஸ் ஒரு கூடையைக் காலால் தள்ளினான். அதில் பன்னிரண்டு குறுந்தகடுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி நெகிழிப் பையில் இருந்தது. ஒவ்வொரு பையிலும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று. ஒவ்வொரு குறுந்தகட்டின்மீதும் அதே கறுப்புக் கோடு. "பேலு மூட்டைக்குள்ள வந்துச்சு. டி-ஷர்ட்டுக்கு நடுவால இருந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்? ரெண்டு சட்ட எடுத்தா ஒரு சிடி சும்மான்னு போட்டேன். பாட்டு நல்லாருக்குண்ணே, அந்த மொதப் பாட்டு பாடுற அம்மா இருக்கே, என்னா தொண்ட! ஆனா சட்டதேன் போக மாட்டேங்குது, சிடிதேன் போகுது."

"பேலு எந்தக் கம்பெனியில இருந்து வந்துச்சுங்க?" என்றாள் வேல்விழி.

முனீஸ் கைகூப்பினான். "அத மட்டும் கேக்காதீகக்கா. சர்ப்ளஸ் சரக்கு வாங்குறவன் கம்பெனி பேரச் சொல்லக்கூடாது. சொன்னா நாளைக்கி எவனும் பேல் தரமாட்டான்."

வேல்விழி வற்புறுத்தவில்லை. குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கழுத்துப் பட்டியைப் புரட்டினாள். பிராண்டின் பெயர் தைத்திருந்த துணித்துண்டு, நடுவில் கத்தரிக்கோலால் நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. அடுத்த சட்டையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

பிறகு சட்டையை இடக்கையிலும் குறுந்தகட்டை வலக்கையிலும் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். தையலில் ஓர் இழை விட்டுப்போயிருப்பதைக் கண்டபோது அந்நாள்களில் அவள் முகத்தில் தோன்றிய அதே அமைதி இப்போதும் தோன்றியது.

"சோணை, ரெண்டு சட்ட எடு."

"எனக்கா? வேணாங்க்கா, எதுக்கு உங்களுக்குச் செலவு." மறுப்பை முடிப்பதற்குள் அவன் தேர்ந்தெடுத்துவிட்டான். இரண்டும் ஜெர்மானியர் ஒருவருக்காகத் தைக்கப்பட்டவை. ஒரே சட்டைக்குள் இரண்டு சோணைமுத்துக்கள் குடியிருக்கலாம். முனீஸ் குறுந்தகட்டை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தான்.

மணி மூன்றே முக்கால்.

பசீர் அகமது புகார்த்தாளை உறையிலிட்டு, செருப்பும் அணிந்துகொண்டுவிட்டார். வேல்விழி, சோணைமுத்து, அவர்களுடன் அபிராமி ஆகிய மூவரும் மாடியேறி வந்ததைக் கண்டதும் செருப்பைக் கழற்றாமலே அமர்ந்தார்.

"அஞ்சே நிமிசமுங்க பாய்," என்றாள் வேல்விழி. "நீங்க எடுத்துட்டு வந்த லேப்டாப்பக் கொஞ்சம் வைங்க. உங்ககிட்ட இருக்கற காப்பிய இதுல போட்டுப் பாத்தீங்களா?"

"பூட்டு ஒடஞ்சு போனதப் போட்டு என்னத்தங்க பாக்கறது?"

"ஆசைக்குப் பாக்கலாமுங்க."

முனீஸ் இலவசமாகக் கொடுத்த குறுந்தகடு லேப்டாப்புக்குள் சென்றது. உள்ளே ஒருமுறை சுழன்றது, முனகியது, மறுபடி சுழன்றது. திரையில் எதுவும் தோன்றவில்லை. அபிராமி விசைகளைத் தட்டிப் பார்த்தாள். குறுந்தகடு பசீர் அகமது விரும்பிய பிடிவாதத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தது.

"பாட்டக் கொண்டுபோனவன் பூட்டையும் சேத்தா கொண்டுபோவான்?" என்றாள் வேல்விழி. "பூட்ட ஒடச்சு எடுத்த காப்பியில பூட்டு இருக்காதுங்க. இதுல பூட்டு கெட்டியா இருக்குது."

அபிராமி குறுந்தகட்டை வெளியே எடுத்து முதன்முறையாக உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, இது காப்பியே இல்லீங்க! கம்ப்யூட்டர்ல எழுதினா அடிப்பக்கம் நீலம் பாயும். இது சுத்த வெள்ளியா இருக்குது. பேக்டரியில அடிச்ச ஒரிஜினலுங்க இது. நான் சொன்ன மார்க்கர் கோடும் இது இல்லீங்க. அது அடியில, ஓரத்துல போடறது. பேரு மேல போட்டா என்னத்துக்காகும்?"

"ஒரிஜினல் ஆயிரமும் பெட்டியில இருக்குதுங்க!" பசீர் அகமதுவின் குரல் உயர்ந்தது. "எண்ணிப் பாத்தேன்!"

"ஆயிரம் இருக்குதுங்க. மறுக்கலீங்க. உங்க பேக்கிங் செக்சன் பொறுப்பாளர மட்டும் கொஞ்சம் கூப்பிடறீங்களா? வரும்போது மார்க்கர் பேனாவ எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

பேக்கிங் பிரிவின் பொறுப்பாளரான அஜீஸுன்னிசா ஐம்பது வயதுக்காரி. அந்த நிறுவனத்தில் இருபது ஆண்டுகள். மேசைமீதிருந்த குறுந்தகட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் குற்ற உணர்வுக்கு மாறாகப் பெருமையே தோன்றியது.

"கோடு சரியாத்தானுங்களே போட்டிருக்கேன், மொதலாளி? கம்பெனிப் பேரு தெரியுதுங்களா?"

பசீர் அகமது குறுந்தகட்டை எடுத்துக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கோட்ட நீயா போட்ட?" என்றார் பசீர் அகமது.

"நாந்தானுங்க. டி-ஷர்ட்டுன்னா லேபிளக் கத்தரியில வெட்டிருவோம். இத வெட்டினா சில்லுச்சில்லா ஒடஞ்சு போகுமுங்களே. அதான் பேர மட்டும் மார்க்கர்ல அடிச்சுவிட்டேன். எக்ஸ்ட்ரா சரக்கு நம்ம பேர்ல வெளிய போகக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்லியிருக்கீங்க."

"என்ன எக்ஸ்ட்ரா? நான் ஆயிரந்தான சொன்னேன்!"

"ஆமாங்க. நீங்க ஆயிரம்னா நாங்க ஆயிரத்து அம்பது போடுவோமுங்க. நூத்துக்கு அஞ்சு சேத்துப் போடு, அஞ்சாறு பீஸு டேமேஜ் ஆகும், பார்ட்டிக்குக் கொறையக் கூடாதுன்னு உங்க உத்தரவு. பர்சேஸ் தம்பி அப்படித்தான் ஆர்டர் குடுத்துச்சு." அஜீஸுன்னிசா குரலைச் சற்றுத் தாழ்த்தினாள். "சிடியில டேமேஜே விழுகலீங்க, மொதலாளி. அம்பதும் நல்ல பீஸு. ஆயிரத்தப் பெட்டி கட்டிட்டு, மிச்சத்த வழக்கம் போலப் பேல்ல போட்டுக் காதர்பேட்டைக்கு அனுப்பிட்டோம். பாட்டு ஈரம் பட்டுக் கெட்டுப் போயிருமோன்னு சிலிக்கா பொட்டலம்கூட வெச்சேனுங்க."

பசீர் அகமது தம் கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு, அதைக் கீழே வைத்தால் ஒலி எழும் என்று அஞ்சுபவரைப்போல் மிக மெதுவாக மேசைமீது வைத்தார்.

"அப்ப..."

"பூட்ட யாரும் ஒடைக்கலீங்க பாய்," என்றாள் வேல்விழி. "நல்ல பூட்டு. ஒரு குத்தமும் சொல்ல முடியாது. கதவத் தொறந்துவிட்டது மட்டும் நீங்க. திருடறவனா இருந்தா உங்க பேர இன்னும் பெருசாப் போட்டு வித்திருப்பான். அந்தப் பேர வெச்சுத்தான் அவனுக்கு வியாபாரமே. பேர மறைக்கோணும்னு அக்கறைப்படறவங்க திருப்பூர்ல பேக்கிங் செக்சன்காரங்க மட்டுந்தானுங்க."

சோணைமுத்து தொண்டையைச் செருமினான். "பாய், அந்தப் புகார வீணாக்க வேணாம். மூணு காப்பி எடுத்துருக்கீக. பேர மட்டும் மாத்திக்கலாம். அந்த மார்க்கரக் குடுங்கம்மா, நானே அடிச்சுத் தாரேன்."

"சோணை," என்றாள் வேல்விழி.

"சும்மா ஒரு யோசனதேங்க்கா."

பசீர் அகமது உறையை இரண்டாகக் கிழித்தார், பிறகு நான்காக. மற்ற இரண்டு படிகளையும் தேடி எடுத்து அவற்றையும் கிழித்தார். இதையும் அவர் முறைப்படியே செய்தார். இழுப்பறையிலிருந்து ஒலிப்பதிவுக்கூடத்தின் சாவியை எடுத்து அபிராமியின் முன் நீட்டினார்.

"தப்பு பண்ணீட்டேன் கண்ணு. லேப்டாப்ப எடுத்துக்க. கடையத் தொறந்துக்க."

அபிராமி சாவியை வாங்கவில்லை.

"கதவ நாளைக்குத் தொறந்துக்கறேனுங்க. கீழ பதினாலு பேரு இருக்காங்க பாய். அவங்க பாட்ட நாந்தான் வித்தேன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப நான் போயி இல்லைன்னு சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க வந்து சொல்லுங்க."

"ஆளனுப்பிச் சொல்லச் சொல்றேன். இல்லாட்டி நோட்டீஸ் போர்டுல..."

"நீங்க வந்து சொல்லுங்க," என்றாள் அவள் மறுபடியும். குரல் உயரவில்லை.

பசீர் அகமது அறுபத்திரண்டு வயதில், நூற்றிருபது பேர் வேலை செய்யும் தையல் கூடத்தின் நடுவே நின்று தம் தவற்றைச் சொல்ல வேண்டும். அவர் சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வேல்விழியைப் பார்த்தார். எங்கும் உதவி கிடைக்கவில்லை. எழுந்து படியிறங்கினார்.

அவர் கையை உயர்த்தியதும் இயந்திரங்கள் வரிசை வரிசையாக நின்றன. கடைசி இயந்திரமும் அடங்கிய பிறகு கூடத்தில் மின்விசிறிகளின் ஒலி மட்டும் கேட்டது.

"அந்த சிடி விசயமா..." என்று தொடங்கினார். நெற்றியைத் துடைத்தார். "அபிராமி மேல ஒரு தப்பும் இல்லீங்க. அந்த அம்மிணி எதையும் விக்கல. ஆயிரத்துக்கு மேல அம்பது அடிச்சு, காதர்பேட்டைக்கு அனுப்பி, சட்டைக்கு இலவசமா உங்க பாட்டக் குடுத்தது வேற யாருமில்லீங்க. நாந்தான். தெரியாமப் பண்ணினதுதான், ஆனாலும் நாந்தான். எல்லாரும் மன்னிக்கோணும்."

மூன்றாவது வரிசையில் மருதம்மாள் தன் இருக்கையிலிருந்து எழுந்தாள். கூடத்தின் மூத்த தையற்காரி, முதல் பாட்டின் குரல். தோளில் தொங்கிய அளவுநாடாவைக் கழற்றி இயந்திரத்தின்மீது வைத்துவிட்டு நேராக அபிராமியிடம் நடந்து வந்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அபிராமியால் முடியவில்லை.

"ஏங்கண்ணு, காலைல நான் மூஞ்சியத் திருப்பினனே, அப்பவே என்னைய ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமில்ல?" என்று மருதம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க மொதலாளி, பஸ்ஸுக்காரன் கேட்டுட்டான், காதர்பேட்டையே கேட்டுருச்சு. பாடின எங்க பதினாலு பேருக்கு இன்னும் ஆளுக்கொரு சிடி வரலீங்களே?"

கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"கோடு போடாததாக் குடுங்க மொதலாளி!"

நூற்றிருபது பேரின் சிரிப்பில் மின்விசிறிகளின் ஒலி அமிழ்ந்துபோனது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அபிராமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசீர் அகமதுவிடம் கையை நீட்டினாள்.

"இப்பக் குடுங்க பாய், சாவிய."